நான் அடைத்த துளை

நின்றுகொண்டு ஓட்டுகிற ஜெட் ஸ்கீக்குள் தண்ணீர் ஏறி அது மூழ்குவதற்கு ஆறு காரணங்கள் உண்டு என்று சலினாஸ் படகுத்துறையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். மூடியின் ரப்பர் வார் காய்ந்து வெடித்திருக்கும். மூடியின் கொக்கி சரியாக விழுந்திருக்காது. எஞ்சினிலிருந்து பின்பக்கம் போகும் தண்டின் சீல் தேய்ந்திருக்கும். எஞ்சினைக் குளிரவைக்கும் ஓஸ் கழன்று, வண்டியே தன் வயிற்றுக்குள் தண்ணீர் ஊற்றிக்கொண்டு ஓடும். அடியில் விரிசல் விட்டிருக்கும். இல்லையென்றால் உள்ளே சேரும் தண்ணீரை வெளியே இழுக்கிற குழாயில் பாசி அடைத்திருக்கும். மொன்ஸேயின் மகளுடைய வண்டி இந்த ஆறில் எதனாலும் மூழ்கவில்லை. என்னால் மூழ்கியது.

என் முழுப்பெயர் எலெயுத்தேரியோ. அப்படிக் கேட்டால் துறையில் யாருக்கும் தெரியாது, தேயோ என்று கேட்க வேண்டும். அலையாத்தி மரங்களை ஒட்டி என் பட்டறை. புயல் பாதிக் கூரையைக் கொண்டுபோனது, மீதிப் பாதியை நம்பி இத்தனை வருடமாகக் காலம் தள்ளுகிறேன். முப்பது வருடம் மீனவர்களின் படகு எஞ்சின்களைப் பிரித்து மாட்டியவன். 'தேயோவுக்குத் தெரியாத எஞ்சின் இன்னும் பிறக்கவில்லை' என்று நானே சொல்லிச் சொல்லி, ஊரையும் சொல்ல வைத்திருந்தேன். வாய்க்கொழுப்பு. வேறென்ன சொல்வது.

மொன்ஸே மீன்பிடிக்கிறவன். அவன் மகள் நஷாலிக்கு ஞானஸ்நானம் கொடுத்தபோது தொட்டியருகே அவளைக் கையில் ஏந்தியவன் நான். அன்றிலிருந்து அவனும் நானும் ஒருவருக்கொருவர் 'கொம்பாய்'. கூடப்பிறந்தவர்கள் வெட்டிக்கொள்ளலாம், கொம்பாய்கள் முகம் சுளிக்கக்கூடக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். நஷாலிக்கு நான் பத்ரீனோ, ஞானத்தகப்பன். என்னை எங்கே பார்த்தாலும் முதலில் ஆசீர்வாதம் கேட்பாள், நான் கொடுப்பேன், அப்புறம்தான் மற்றப் பேச்சு. தெருவுக்கு அந்தப் பக்கம் நின்றாலும் கத்திக் கேட்பாள். கேட்காமல் போனால் அது மூஞ்சியில் துப்பியதற்குச் சமம்.

வண்டி தொண்ணூறுகளில் செய்த பழைய வண்டி. தன் இரண்டாவது படகு எஞ்சினை விற்றுத்தான் மொன்ஸே அதை மகளுக்கு வாங்கிக் கொடுத்தான். அவள் அதில் நின்று வளைத்துத் திருப்புவதைப் பார்த்தால், கடல் இவளுக்கென்று வழிவிடுகிறதோ என்று தோன்றும். போன வருடம் பொக்கெரோன் பந்தயத்தில் இரண்டாவது வந்தாள். இந்த வருடம் முதலாவது வந்தால் அரிசோனாவில் அந்தப் பெரிய ஏரிப் பந்தயத்துக்கு அனுப்புவார்கள். இருபத்திரண்டு வயதுப் பெண் அதற்காகவே காலையில் கண் விழித்துக்கொண்டிருந்தாள்.

பந்தயத்துக்காக வண்டியின் உள்ளே அடைத்திருந்த மஞ்சள் ஃபோமைச் சுரண்டி எடுத்துவிட்டாள். பந்தயக்காரர்கள் எல்லாரும் செய்வதுதான். மொன்ஸேக்குப் பிடிக்கவில்லை.

"அந்த ஃபோம் இருந்தாத்தான்டி உள்ள தண்ணி ரொம்பினாலும் வண்டி மூக்கை வெளிய நீட்டிக்கிட்டு மிதக்கும். அதை எடுத்துட்டா நேரா அடிக்குத்தான்" என்று என் பட்டறையில் நின்று கத்தினான்.

"அப்பா, அது முப்பது வருஷமா ஈரத்தை உறிஞ்சிக் கெடக்கு. அதுவே இருபது கிலோ இருக்கும். நான் என்ன, இடுப்புல அம்மிக்கல்லக் கட்டிக்கிட்டா ஓட்டறது?"

"கேளு கொம்பாய், வாயைக் கேளு."

"வாய் உன்னோடதுதான். அவ கடனாத்தான் வாங்கியிருக்கா" என்றேன். மூவரும் சிரித்தோம்.

பந்தயத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போது வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினாள். "ஆசீர்வாதம், பத்ரீனோ."

"ஆண்டவர் ஆசீர்வதிப்பாரும்மா. என்ன கோளாறு?"

"உள்ள ஈரம் கசியுது. என்னன்னு பாருங்களேன்."

பார்த்தேன். வண்டி ஓடும்போது பின்னால் பீய்ச்சுகிற தண்ணீரின் வேகமே ஒரு குழாய் வழியாக உள்ளே சேரும் தண்ணீரை உறிஞ்சி வெளியே தள்ளிவிடும். அந்தக் குழாய் உள்ளே ஓரிடத்தில் மேலே ஏறி வளைந்து இறங்குகிறது. வளைவில் குழாயை மடக்கி இணைக்கிற ஒரு பிளாஸ்டிக் துண்டு, முழங்கை என்போம். முழங்கையின் உச்சியில் ஊசி நுழைகிற அளவுக்கு ஒரு துளை. எஞ்சினை நிறுத்தியதும் அதிலிருந்து இரண்டு சொட்டுச் சொட்டியது.

நஷாலியும் குனிந்து பார்த்தாள். "பத்ரீனோ, இது தானா விழுந்த ஓட்டையா, இல்ல செஞ்சவங்களே வெச்சதா?"

நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பு இப்போதும் என் காதில் கேட்கிறது. "கடல்ல போற வண்டியில எவனாவது ஓட்டை வைப்பானாம்மா?"

ஒரு பொட்டு எபாக்ஸிப் பசை எடுத்துத் துளையின்மேல் வைத்துத் தேய்த்தேன். படகு எஞ்சின்காரனுக்கு ஓட்டை என்றாலே எதிரி. ஜெட் ஸ்கீ பார்க்கிறவர்கள் போன்ஸே நகரத்தில் இருக்கிறார்கள், ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம். எனக்குத் தெரியாது என்று இன்னொருவனிடம் சொல்வதற்கு நாக்கு எழவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் சின்னத் தீவுப் பக்கம் போனோம். வழக்கம்போல் படகுகளைச் சேர்த்துக் கட்டிவிட்டு, இடுப்பளவுத் தண்ணீரில் நின்றபடி தின்பதும் குடிப்பதும் ஊர்வம்பு பேசுவதும். நஷாலி காலை முழுக்கச் சுற்றிச் சுற்றி ஓட்டினாள். ஒரு குறையும் இல்லை. மதியம் வண்டியை நிறுத்தி, மொன்ஸேயின் படகுக்குப் பின்னால், ஆழமான பக்கத்தில் கட்டினாள். வந்து என் தட்டிலிருந்து நண்டு அடைத்த அல்காபுர்ரியா வடையைக் கேட்காமலே எடுத்துக் கடித்தாள்.

ஒன்றரை மணி நேரம் ஆகியிருக்கும். யாரோ கத்தினார்கள். திரும்பிப் பார்த்தால் வண்டியின் பின்பக்கத்தைக் காணோம். மூக்கு மட்டும் நிமிர்ந்து நின்றது. நஷாலி நீந்திப் போவதற்குள் முடிச்சு நழுவி மூக்கும் போய்விட்டது. முப்பதடி ஆழம். அவள் அந்த இடத்திலேயே தலையை முக்கி முக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் முங்குகிற ஆட்களை வைத்துக் கயிறு கட்டித் தூக்கித் துறையில் போட்டோம். எஞ்சினுக்குள் உப்புத் தண்ணீர் இறங்கி ஒரு நாள் ஆகியிருந்தது. மூடியின் கொக்கிகளில் ஒன்று திறந்திருந்தது. தூக்கும்போது கயிறு உரசித் திறந்தது அது. ஆனால் அந்தக் கணத்தில் யாருக்கும் அது தோன்றவில்லை, சத்தியமாக எனக்கும் தோன்றவில்லை. பாதாம் மரத்தடியில் டாமினோ ஆடுகிற கூட்டம் மொத்தமும் எழுந்து வந்து அந்தக் கொக்கியைப் பார்த்தது.

மொன்ஸேயும் பார்த்தான். அவன் மனைவி பத்து வருடங்களுக்கு முன்பு ஒரு காலையில் பெட்டியோடு ஓர்லாண்டோவுக்குப் போனவள், திரும்பவில்லை. அதைப் பற்றி அவன் வாயே திறந்ததில்லை. அன்று திறந்தான்.

"உங்கம்மா மாதிரியேதான் நீ. அவ வாசக்கதவைக்கூடச் சாத்தாமப் போனா. நீ இதைச் சாத்தாம வந்திருக்கே."

நஷாலி குனிந்து அந்தக் கொக்கியை மட்டும் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். நான் மொன்ஸேயின் தோளைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன், அன்று அது ஒன்றுதான் எனக்குத் தெரிந்த நல்ல காரியம்.

செவ்வாய்க்கிழமை வண்டி என் பட்டறையில் இருந்தது. கொக்கிகளைப் போட்டுப் பார்த்தேன். நான்கும் அசையாமல் பிடித்தன. ரப்பர் வார் புதிது, அவளே மாற்றியிருந்தாள். தண்டுச் சீல் நன்றாக இருந்தது. அடியில் கீறல்கூட இல்லை. அப்புறம்தான் நான் வைத்த பசைப் பொட்டு ஞாபகம் வந்தது. வண்டியைப் பட்டறைக்குப் பின்னால் தண்ணீரில் இறக்கினேன். அந்த உறிஞ்சுகுழாயில் தண்ணீரை நிரப்பிவிட்டு, உள்ளே குனிந்து பார்த்தேன்.

உறிஞ்ச வேண்டிய குழாய் ஊற்றிக்கொண்டிருந்தது. சத்தமே இல்லாமல், நிதானமாக, கடலை உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது.

ஓடும்போது தண்ணீர் வெளியே போகிறது. நிறுத்தினால் அதே குழாய் வழியாகத் திரும்பப் பார்க்கும். திரும்பாமல் தடுக்கத்தான் உச்சியில் அந்த ஊசித் துளை. அதன் வழியே காற்று புகுந்தால் இழுப்பு அறுந்துவிடும். செய்தவன் யோசித்து வைத்திருக்கிறான். ஊசியால் என் பசையைக் குத்தி எடுத்தேன். 'ஸ்ஸ்' என்று காற்று நுழைந்தது. தண்ணீர் நின்றது.

முழங்கையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது மொன்ஸே வந்தான். முதல் நாள் பேசியதில் அவன் குரலே உடைந்திருந்தது.

"பாத்தியா கொம்பாய்? கொக்கிதானே?"

ஒரு வார்த்தை. 'இல்லை' என்று ஒரே வார்த்தை சொல்லியிருந்தால் போதும். ஆனால் அவன் தன் மகளை ஊர் நடுவில் வைத்து அப்படிப் பேசிவிட்டு வந்திருக்கிறான். இப்போது நான் 'இல்லை' என்றால் அவன் என்னை எப்படிப் பார்ப்பான்? துறையில் அந்த டாமினோக் கூட்டம் என்னை என்ன பேசும்? தேயோவுக்குத் தெரியாத எஞ்சின்! பயந்துவிட்டேன். இதற்குச் சுற்றி வளைத்து வேறு பெயர் வைக்க மாட்டேன்.

"ஆமா. ஒரு கொக்கி சரியா விழல போல" என்றேன். முழங்கை சட்டைப் பைக்குள் போய்விட்டது.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். நான் பாவத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன்.

முதல் வாரம் அந்தப் பெண் என்னிடம் வாதாடினாள். "பத்ரீனோ, நான் மூடினேன். நாலையும் தட்டிப் பாத்தேன், எனக்கு ஞாபகம் இருக்கு." இரண்டாவது வாரம், "மூடினேன்னுதான் நினைக்கறேன்" என்றாள். மூன்றாவது வாரம் பொக்கெரோன் பந்தயம் நடந்த சனிக்கிழமை, பட்டறை வாசலில் வந்து உட்கார்ந்து, "நான் மூடாமத்தான் வந்திருப்பேன்ல?" என்று என்னையே கேட்டாள். நான் ஸ்பேனரைத் தேடுகிற மாதிரி எதையோ தேடினேன்.

அதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. மொன்ஸேயின் வீட்டுக்கு நான் போயிருந்தபோது கண்ணால் பார்த்தேன். அவள் அடுப்பை அணைத்தாள். போனாள். திரும்பி வந்து குமிழைத் தொட்டாள். போனாள். மறுபடி வந்து தொட்டாள். வாசல் கதவைப் பூட்டிவிட்டுப் பாதித் தெருவிலிருந்து திரும்பி வந்து இழுத்துப் பார்த்தாள். மொன்ஸே அதைப் பார்க்காத மாதிரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். ஒவ்வொரு தடவையும் என்னைப் பார்த்ததும், "ஆசீர்வாதம், பத்ரீனோ." நான், "ஆண்டவர் ஆசீர்வதிப்பாரும்மா." சொல்லும்போது வாயில் உப்புக் கரித்தது.

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும். என் மனைவி மிக்தாலியாவுக்கு அந்தக் குறுகுறுப்பு சமையலறைவரை கேட்டிருக்கிறது.

"மூணு வாரமா சோத்தை அளைஞ்சுக்கிட்டே இருக்கீங்க. எவளையாவது சேத்துக்கிட்டீங்களா?"

"இந்த மூஞ்சிக்கு எவ வருவா?"

"அதானே பாத்தேன். அப்ப என்ன?"

சட்டைப் பையிலிருந்து முழங்கையை எடுத்து மேசையில் வைத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவள் சோற்றுக் கரண்டியைக் கீழே வைக்காமலே கேட்டாள்.

"உள்ள தண்ணி வந்தா ஒன்றரை மணி நேரத்துல ஜெட் ஸ்கீயே முழுகிடுது. நீங்க இருபத்தஞ்சு நாளா எப்படி மிதக்கறீங்க?"

"மிக்தாலியா..."

"புள்ள செவ்வாய்க்கிழமை ஓர்லாண்டோ போறா, அம்மாகிட்ட. மொன்ஸே சொல்லலையா? இனிமே வண்டியும் வேணாம், பந்தயமும் வேணாமாம். 'நானும் அம்மா மாதிரிதானே, அங்கேயே இருக்கேன்'னு சொல்லிட்டாளாம்." கரண்டியை இப்போதுதான் வைத்தாள். "போறவ தன்மேல தப்புன்னு நெனச்சுக்கிட்டே போகட்டும்னா, பேசாம இருங்க. சாப்பாடு ஆறுது."

மறுநாள் ஞாயிறு. துறையில் பாதாம் மரத்தடியில் டாமினோ. அதே கூட்டம். மொன்ஸேயும் ஆடிக்கொண்டிருந்தான். நஷாலி படகில் வலையை மடித்துக்கொண்டிருந்தாள். அவளை அவமானப்படுத்திய இடம் அதுதான், சொல்ல வேண்டிய இடமும் அதுதான் என்று நினைத்தேன். முழங்கையை மேசையில், டாமினோக் காய்களின் நடுவில் வைத்தேன்.

"ஆட்டத்தைக் கெடுக்காதே தேயோ" என்றான் ஒருவன்.

"கொம்பாய், கொக்கி இல்ல" என்றேன். "இதுதான். இதுல ஒரு துளை இருக்கணும். நான் அடைச்சுட்டேன். அதனாலதான் முழுகிச்சு. தூக்கின அடுத்த நாளே எனக்குத் தெரியும். நீ கேட்டப்ப பொய் சொன்னேன்."

மொன்ஸே முழங்கையைப் பார்த்தான். என்னை அடிப்பான் என்று நினைத்தேன், அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவன் கையிலிருந்த காய்களை ஒவ்வொன்றாகக் கவிழ்த்து வைத்தான்.

"நீ பண்ணது இருக்கட்டும்" என்றான். "நான் அவளைச் சொன்னேனே, தேயோ. அதை எங்க போய் எடுக்கறது?"

எத்தனையோ வருடத்துக்குப் பிறகு என்னை 'தேயோ' என்று கூப்பிட்டான். 'கொம்பாய்' இல்லை.

எழுந்து தொப்பியைக் கழற்றினான். படகுப் பக்கம் திரும்பி, எல்லாருக்கும் கேட்கும்படி, "நஷாலி, தப்பு உன்மேல இல்ல. நான் பேசினது அசிங்கம். என்னை மன்னிச்சுடும்மா" என்றான். பெரிய மனுஷன் அவன். என்னால் இருபத்தாறு நாளில் முடியாததை ஒரு நிமிடத்தில் செய்தான்.

"சரிப்பா" என்றாள். படகிலிருந்து இறங்கி வந்து முழங்கையை எடுத்தாள். வாயில் வைத்து ஊதினாள். துளை வழியாகக் காற்று அவள் விரலில் பட்டிருக்கும்.

"நான் அன்னிக்கே கேட்டேன்" என்றாள். "இது வெச்ச ஓட்டையான்னு."

"கேட்டே."

"இருபத்தாறு நாளா தெரியுமா?"

"தெரியும்."

"அத்தனை நாளும் எனக்கு ஆசீர்வாதம் குடுத்தீங்க."

முழங்கையைத் தன்னோடு எடுத்துக்கொண்டு வலைக்குத் திரும்பினாள்.

திங்கள்கிழமை காலை பட்டறையைத் திறக்கும்போது அவள் வாசலில் நின்றாள். என்னைப் பார்த்தாள்.

"காலை வணக்கம், டான் தேயோ."

'டான்' என்பது எந்தப் பெரியவருக்கும் போடுகிற மரியாதைச் சொல், வழியில் போகிற யாரோ ஒருவனுக்குச் சொல்கிற மாதிரி. சத்தமில்லை, கோபமில்லை. இருபத்திரண்டு வருடத்தில் முதல் தடவை. பதிலுக்குக் காலை வணக்கம் சொன்னேன், வேறு என்ன சொல்ல முடியும்?

"டிக்கெட்டைத் தள்ளிப் போட்டுட்டேன்" என்றாள். "எஞ்சினை எழுப்பித் தாங்க. நான் கூட நிப்பேன். நான் பாக்காம ஒரு திருகைக்கூட முறுக்கக் கூடாது."

ஒன்றரை மாதம் ஆனது. எஞ்சினை முழுக்கப் பிரித்தோம். எனக்குத் தெரியாத இடங்களில், "இது எனக்குத் தெரியாது, போன்ஸேக்குப் போன் போடறேன்" என்று அவள் முன்னால் சொல்லக் கற்றுக்கொண்டேன். தினமும் காலையில் அதே வணக்கம், அதே டான் தேயோ. நல்லபடியாகப் பேசினாள், சில நாள் சிரிக்கவும் செய்தாள். ஆசீர்வாதம் மட்டும் கேட்கவில்லை. மொன்ஸே காபி கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டு, உள்ளே வராமலே போவான்.

முழங்கையை அவளே மாட்டினாள். தண்ணீரில் இறக்கி, ஓட்டிவிட்டு நிறுத்தி, பட்டறைக்குப் பின்னால் கட்டினோம். இரண்டு மணி நேரம் இருவரும் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். மூடியைத் திறந்தால் உள்ளே ஒரு கையளவுத் தண்ணீர்கூட இல்லை.

"அடுத்த வருஷம் பொக்கெரோன்" என்றாள், வண்டியிடம் சொல்கிற மாதிரி.

மூடியைப் போட்டாள். நான்கு கொக்கிகளையும் தட்டினாள். வண்டியைத் தள்ளிக்கொண்டு முழங்காலளவுத் தண்ணீர்வரை போனாள். நின்றாள். திரும்பவும் நான்கையும் தட்டினாள். போனாள். இடுப்பளவு வந்ததும் நின்று, குனிந்து, மறுபடி ஒவ்வொன்றாக.

நான் கரையில் நின்று எண்ணினேன். அந்த மூன்றாவது தட்டல் என்னுடையது. அதை நான்தான் அவளுக்குக் கொடுத்தேன், எந்த ஊசியாலும் அதைக் குத்தி எடுக்க முடியாது.

எஞ்சின் பிடித்தது. ஏறி நின்றாள், திரும்பிப் பார்க்காமல் கிளம்பினாள். கேட்காமல் கொடுக்கிற வழக்கம் எங்கள் ஊரில் இல்லை, அப்படிக் கொடுத்தால் போய்ச் சேருமா என்றும் எனக்குத் தெரியாது.

"ஆண்டவர் ஆசீர்வதிப்பாரும்மா" என்று எஞ்சின் சத்தத்துக்குள் சொன்னேன்.